அக்கா வீட்டுக்கு ஒரு ஃப்ளையிங் விசிட்

1

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் இங்கே தொழிற்சாலையை இழுத்து மூடிவிடுவார்கள். வேலை செய்தே தீருவேன் என்று அடம்பிடித்தாலும் உள்ளே விட மாட்டார்கள். ஆகவே வருஷம் முழுக்க ஒத்திப்போட்ட காகித வேலைகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முதலில் கைக்கு வந்தது பயணப் படிவம்.

கம்பெனி வேலையாக வெளியூர் போய் வந்தால் இதை நிரப்பித் தர வேண்டும். நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: பயணத்தின் நடுவில் சொந்தக் காரியமாக எங்கேயாவது நின்றீர்களா, எங்கே, யாரைப் பார்க்க, எத்தனை நேரம்? ஜெர்மன்காரர்கள் இதைச் சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை. அப்படி நிற்கும்போது கார் எதிலாவது மோதினால் எந்த இன்சூரன்ஸ் பொறுப்பு என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வருஷம் பிப்ரவரியில் இந்தியா போய் வந்தபோது அந்தக் கட்டத்தில் "அக்கா வீடு, இருபது நிமிடம்" என்று எழுதிக் கொடுத்தேன். கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அம்மாள் போன் செய்தார். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து போய்க் கூடப்பிறந்தவளை இருபது நிமிடமா பார்த்தீர்கள், ஒரு பூஜ்ஜியம் விட்டுப்போயிற்றா என்று கேட்டார். இல்லை, சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், அதற்கு எங்கள் ஊரில் ஃப்ளையிங் விசிட் என்று பெயர் என்றேன். அது இங்கிலீஷ் ஆயிற்றே என்றார். ஆமாம், எங்கள் ஊரில் அதை இங்கிலீஷில்தான் சொல்வோம் என்றேன்.

இப்போது நவம்பர்க் கடைசிப் பயணத்துக்கும் அதே கட்டம் காலியாக இருக்கிறது. எழுத வேண்டியது அதில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2

"சும்மா ஒரு ஃப்ளையிங் விசிட்" என்று சொல்லிவிட்டால் நம் ஊரில் எல்லாம் மன்னிக்கப்படும். சாப்பிடாமல் கிளம்பலாம். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றே பேசிவிட்டு வரலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொள்வார்கள், ஆனால் நாம் போன பிறகு.

2012-இல் மனைவி வித்யாவோடும் இரண்டு வயது மகள் நிலாவோடும் ஊருக்குப் போயிருந்தேன். தங்கியது வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் தேவகி அக்கா வீட்டில். அக்காவின் வீட்டுக்காரர் முருகேசன் மாமா கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவர். சொந்தக்காரர் வீடுகளுக்கு அவர்தான் ரூட் போட்டார். வல்லக்கோட்டையில் தொடங்கி வாலாஜாபாத்தில் முடிகிற மாதிரி ஒரே நாளில் பதினாலு வீடு, வீட்டுக்குப் பதினைந்து நிமிடம்.

"பிக்கப் டிராப் மாதிரிதான் மாப்ளே," என்றார். "எந்த வூட்லயும் ஃபேன் போட வுடாத. ஃபேன் போட்டாங்கன்னா உக்காந்துடுவ."

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காபி அல்லது கலர், நாங்கள் கொடுக்கும் ஒரு சாக்லேட் பொட்டலம், இரண்டு கேள்வி. எப்ப வந்தே? எப்ப போறே? இரண்டுக்கும் நடுவில் கேட்க யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை. ஏழாவது வீட்டில் நிலாவே சாக்லேட்டை நீட்டிவிட்டு, "போலாம்" என்றாள். அந்த வீட்டுக்காரர்கள் இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள்.

பதினாலு வீட்டையும் முடித்துவிட்டுத் திரும்பியபோது பெருமையாகக்கூட இருந்தது. அக்காவிடம் மட்டும் உட்கார்ந்து பேசவில்லை. அவள் வீட்டில்தானே தங்கியிருக்கிறோம், எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்று நினைத்தேன்.

3

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஆறு வயது மூத்தவள். அப்பா, அம்மா இருவரும் அடுத்தடுத்துப் போன பிறகு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் தைத்து என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தாள். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் செல்போனுக்குச் சார்ஜர் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். நிரந்தர வேலை, நீலக் கோட்டு, வாசலுக்கே வரும் பஸ். நான் அதற்கு அடுத்த வருஷம் ஒரகடத்தில் வண்டிகளுக்கு ஒயர்க் கட்டுகள் செய்யும் ஜெர்மன் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். 2009-இல் ஆறு மாதப் பயிற்சி என்று இங்கே அனுப்பினார்கள். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை.

வந்த புதிதில் வெளிநாட்டுக்காரர்களுக்கு விசா தரும் அலுவலகத்தில் அதிகாரியம்மாவை மூன்று மாதம் "நீ" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஜெர்மன் மொழியிலும் நம்மைப் போல் நீ உண்டு, நீங்கள் உண்டு. எனக்கு வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுத்தது நீ. அதனால்தான் விசா தாமதமானது என்று வித்யா சொல்வாள். காரணம் அதில்லை. புகைப்படத்தில் நான் சிரித்திருந்தேன். சிரிக்காமல் வேறு படம் எடுத்துக் கொடுத்ததும் விசா வந்துவிட்டது.

நிலாவுக்கு நேர்மாறான பிரச்சினை. அவளுடைய தமிழில் நீங்கள் என்பதே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் ஒருநாள் அக்காவைக் கேட்டாள்: "அத்தே, நீ ஏன் எப்பவும் யூனிஃபார்ம்ல இருக்கே?"

"ஷிப்டுக்கு கிளம்பிக்கினு கீறேன்டி கண்ணு," என்றாள் அக்கா.

மழலையர் பள்ளியில் குடும்பத்தை வரையச் சொன்னபோது நிலா அத்தையை நீலக் கோட்டில் வரைந்தாள். இவர் டாக்டரா என்று டீச்சர் கேட்டிருக்கிறார். இல்லை, பஸ்ஸுக்கு நிற்கிறார் என்று சொல்லியிருக்கிறாள்.

போன வருஷக் கடைசியில் அந்தப் பக்கம் சில கம்பெனிகள் மூடுவதாகச் செய்தி படித்து அக்காவைக் கேட்டேன். "அது பக்கத்து கம்பெனிடா. எங்களுது ஓடிக்கினு கீது," என்றாள். ஞாயிற்றுக்கிழமையும் அவள் நீலக் கோட்டில்தான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை எந்த ஷிப்டு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஓ.டி. இருக்கும் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

4

இங்கே என் வேலை அளப்பது. ஒரு பெண் ஒரு ஒயரை எடுத்துச் சொருகி டேப் சுற்ற எத்தனை விநாடி, ஒரு லைனுக்கு எத்தனை ஆள் போதும் என்று ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்த்து அறிக்கை எழுதுவேன். இந்த வருஷம் அதற்காக நான் டிரெய்னியாக இருந்த அதே ஒரகடம் தொழிற்சாலைக்கு இரண்டு முறை அனுப்பினார்கள். என்னை அங்கே "ஜெர்மனி எக்ஸ்பர்ட்" என்று அறிமுகப்படுத்தினார்கள். ஏழெட்டு வருஷத்துக்கு முன் இதே கேன்டீனில் தட்டு கழுவும் இடத்தில் வழுக்கி விழுந்தவன் என்பது அங்கே யாருக்கும் ஞாபகமில்லை.

பிப்ரவரியில் ஹோட்டலுக்குத் திரும்பும் வழியில்தான் அந்த இருபது நிமிட விசிட். கம்பெனி கார் இன்ஜினை அணைக்காமல் நின்றது. அக்கா வாசலில் நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை சகிதம் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு தட்டு வடை.

"துன்னு துன்னு. எனக்கு பஸ்ஸு வந்துடும்," என்றாள்.

நின்றபடியே நாலு வடை தின்றேன். அவளும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். எனக்கும் நேரமில்லை, அவளுக்கும் நேரமில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது, பொய் சொல்வானேன். காரில் ஏறியதும் அக்கா நன்றாக இருக்கிறாள் என்று வித்யாவுக்கு மெசேஜ் அனுப்பினேன்.

5

இரண்டாவது பயணம் நவம்பர்க் கடைசியில். அளக்க வேண்டியது நாலாம் லைன். கான்ட்ராக்ட் பெண்கள் இருபத்திரண்டு பேர். மூன்று நாள் பகல் ஷிப்டில் நின்று அளந்தேன். பளிச்சென்ற தரை, புது மஞ்சள் கோடு, ஒருவரும் குனிந்த தலை நிமிரவில்லை. கணக்குப்படி பதினோரு பேரும் ஒரு மெஷினும் போதும். அதையே எழுதி ஹோட்டலிலிருந்து அனுப்பிவிட்டுப் பெட்டி கட்டினேன்.

அன்றைக்குப் பிடித்த மழைதான். செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டார்கள், பூந்தமல்லி தாண்ட வழியில்லை, விமான நிலையத்துக்குள்ளேயே தண்ணீர் என்றார்கள். ஹோட்டலில் என் அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டில் போய் இறங்கினேன்.

"எத்தினி நாளு?" இதுதான் அக்காவின் முதல் கேள்வி.

"தெரியலக்கா. ஏர்போர்ட் திறக்கணும்."

"அய்யய்யோ," என்றாள். பிறகு சுதாரித்துக்கொண்டு, "வா, உள்ள வா, நனஞ்சி கெடக்கிற" என்றாள்.

முதல் இரண்டு நாள் மழையில் எல்லாக் கம்பெனியும் விடுமுறை. அக்கா என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாதவள் போல் சமைத்துக்கொண்டே இருந்தாள். மாமா என் முகத்தைப் பார்க்காமல் வேனைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அந்த மழையில்.

மூன்றாம் நாள் விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டேன். அக்கா நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு துணிப்பையோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். குடை பிடிக்கிறேன் என்று நானும் கிளம்பினேன். வேண்டாம் என்று மூன்று முறை சொன்னாள். வாசலுக்கே வருகிற பஸ்ஸுக்கு ஏன் கூட்டு ரோடு வரை நடக்க வேண்டும் என்று கேட்டேன். தண்ணீர் நிற்கிறது என்றாள். அது நிஜம்தான், எங்கும் நின்றது.

பஸ் வந்தது. முன் கண்ணாடியில் இருந்தது என் கம்பெனிப் பெயர்.

அக்கா ஏறவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். ஜன்னலிலிருந்து ஒரு பெண், "தேவகிக்கா, ஏறு! இன்னா நிக்கிற?" என்று கத்தினாள். அக்கா என்னைப் பார்த்தாள். பையிலிருந்து கான்ட்ராக்ட்காரர்கள் போடும் சாம்பல் நிறக் கோட்டை எடுத்தாள். நீலத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுச் சாம்பலை மாட்டிக்கொண்டு ஏறினாள்.

"யாருக்கா அது?" என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

"என் தம்பி."

"எந்த ஊர்லேர்ந்து வந்துகீறாரு?"

"மெட்ராஸு," என்றாள் அக்கா. பஸ் போய்விட்டது.

6

சாயங்காலம் அவள் திரும்பி வரும்வரை வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். போன வருஷம் மூடியது அக்காவின் சார்ஜர் கம்பெனியேதான், பக்கத்துக் கம்பெனி அல்ல என்று மாமா சொல்லிவிட்டார். சொன்னதும் அவருக்குப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது, வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"எந்த லைன்க்கா?" என்று கேட்டேன்.

"நாலு."

"நான் மூணு நாள் அங்கதானே நின்னேன்! உன்னப் பாக்கவே இல்லியே!"

"நீ வர்றன்னாலே நைட்டுக்கு மாத்திக்கினு பூடுவேன். பிப்ரவரிலயும் அப்படித்தான்."

"ஏன்க்கா?"

"ஏன்னா இன்னா அர்த்தம்? தம்பி ஜெர்மனிலேர்ந்து ஆபீசரா வந்து நிக்கிறான், அக்கா கான்ட்ராக்ட்ல டேப்பு சுத்துறான்னா உனக்கு இன்னா மரியாத? வெளிய சொன்னா நீ அங்க நிம்மதியா துன்னுவியா? நீ வர்றதே இருவது நிமிசம். அதுல இத வேற சொல்லி அழணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் கோபப்பட வழியில்லாததால் அது எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. அப்புறம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அறிக்கை அனுப்பிவிட்டேன், பதினோரு பேர் போதும் என்று எழுதியிருக்கிறேன், மார்ச்சுக்குள் பாதிப் பேரை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள்.

அக்கா அதிர்ச்சி அடைவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள்.

"பதினோரு பேரா? அப்ப பிசிறு எவன் எடுப்பான்?"

"எந்தப் பிசிறு?"

ஒயரைச் சொருகும் பிளாஸ்டிக் கனெக்டர்கள் வெளியிலிருந்து வருகின்றன. பத்துக்கு நாலு, ஓரத்தில் பிசிறோடு வரும். அப்படியே சொருகினால் ஒயர் உட்காராது. திருப்பி அனுப்பினால் லைன் நின்றுவிடும். அதனால் லைன் பெண்களே மாற்றி மாற்றி ஒரு மேசையில் உட்கார்ந்து பிளேடால் சீவுகிறார்கள். எந்த நேரத்திலும் ஏழெட்டுப் பேர் அந்த மேசையில்தான்.

"நான் அப்படி ஒரு மேசையைப் பாக்கலியே."

"எப்படி பாப்ப? நீ வர்றதுக்கு முந்தின நாளே தூக்கி கேன்டீன் பின்னால வெச்சிட்டாங்க. மூணு நாளைக்கி வேணுன்றத ராத்திரி ஷிப்டுல நாங்க சீவி வெச்சிட்டோம். வெளிநாட்டுலேர்ந்து ஃப்ளையிங் விசிட்டு வர்றாங்க, குப்ப மாதிரி மேச கெடந்தா அசிங்கம்னு சூப்பர்வைசர் சொன்னாரு. வெள்ளக்காரங்க வந்தா அப்படித்தான் பண்ணுவாங்க."

"நான் வெள்ளக்காரனாக்கா?"

"ஜெர்மனிலேர்ந்து வந்தா அப்படித்தான்டா," என்றாள்.

சிரிக்க முடியவில்லை. டிரெய்னியாக இருந்தபோது இப்படி விசிட் வருகிற நாளில் துருப்பிடித்த தள்ளுவண்டிகளைக் கேன்டீன் பின்னால் கொண்டு ஒளித்தவர்களில் நானும் ஒருவன். அந்த மூன்று நாளும் மஞ்சள் கோட்டின் புதுப் பெயிண்டு வாசனை அடித்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? எட்டு வருஷத்தில் கோட்டின் அந்தப் பக்கம் போய்விட்டால் வாசனைகூட மறந்துவிடுகிறது. என் கண்ணுக்கு லைன் அழகாகத் தெரிவதற்காக அந்தப் பெண்கள் ராத்திரி கண்விழித்துத் தங்கள் வேலையையே ஒளித்து வைத்திருக்கிறார்கள். அது தெரியாமல் பாதிப் பேர் வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

7

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் தொழிற்சாலைக்குப் போனேன். சூப்பர்வைசர் முடிச்சூரில் தண்ணீருக்கு நடுவே மொட்டை மாடியில் குடும்பத்தோடு இருந்தார். அதனால் மேசையைத் தூக்க யாரும் இல்லை. காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணிவரை, ஒரு முழு ஷிப்டு, அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். ஸ்டாப் வாட்சை முதல் அரை மணியிலேயே பையில் போட்டுவிட்டேன். அவர்கள் கை போகிற வேகத்துக்கு என் கட்டைவிரல் ஈடுகொடுக்கவில்லை.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் முத்துச்செல்வி என்ற பெண்தான் தைரியமாகப் பேசினாள். "சார், கைய வச்சிராதீய, பிளேடு கெடக்கு. வேணும்னா உக்காந்து பாருங்க, ஒரு மணி நேரத்துல கழுத்து சொல்லிரும்."

அக்கா எதிரே இருந்தாள். என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. ஒருமுறை நான் வெளிச்சத்தை மறைத்தபோது தலை நிமிராமல், "சார், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள்.

வாழ்நாளில் அவள் என்னை நீங்கள் என்று சொன்னது அப்போதுதான். தள்ளி நின்றேன். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் வெளியே போய்விட்டு வந்தேன்.

8

ஏர்போர்ட் திறந்து இங்கே வந்து சேர்ந்ததும் இரண்டாவது அறிக்கை எழுதினேன். முதல் அறிக்கை தவறு, மேசை இருக்கிறது, இருபத்திரண்டு பேரும் வேண்டும். இதற்கும் ஒரு படிவம் உண்டு. அதன் கடைசிக் கட்டம்: இதில் சம்பந்தப்பட்டவர் எவராவது உங்கள் உறவினரா? ஆம் என்று டிக் அடித்தேன்.

"அந்த ஒரு கட்டத்த விட்டாத்தான் என்ன? யாரு கேக்கப் போறாங்க?" என்றாள் வித்யா.

அவள் கேட்டது நியாயம்தான். நான் யோக்கியன் என்று காட்டிக்கொள்ள அக்காவின் சோற்றில் கைவைக்கிறேனோ என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன். ஆனால் எட்டு மணி நேரம் நின்று பார்த்ததை ஒளித்து எழுதவும் மனம் வரவில்லை. டிக் அப்படியே போயிற்று.

என் மேலாளர் மரியாதையானவர். குடும்பப் பாசத்தை மதிக்கிறேன், ஆகவே இந்த அறிக்கையை எடுத்துக்கொள்ள முடியாது, வேறு ஒருவர் போய்ப் பார்த்து வரட்டும் என்றார். வருஷம் முடிவதற்குள் பயண ஒதுக்கீட்டைச் செலவழித்தாக வேண்டும் என்பதும் ஒரு காரணம். பத்தே நாளில் என் சக ஊழியர் ஒருவர் கிளம்பினார். தொழிற்சாலையில் இரண்டு நாள், காஞ்சிபுரத்தில் கோயில் பார்க்க அரை நாள். அந்த அரை நாளை அவரும் கட்டத்தில் எழுதுவார்.

அக்காவுக்குப் போன் செய்தேன். "புதுசா ஒருத்தர் வர்றாருக்கா. ரெண்டு நாள்தான். அந்த மேசை மட்டும் அங்கயே இருந்துச்சுன்னா போதும். இல்லன்னா என் பழைய அறிக்கைதான் நிக்கும்."

"சூப்பர்வைசர் தூக்குன்னு சொன்னா நாங்க இன்னா பண்ண முடியும்?"

மறுபடியும் அதையே சொல்லத் தொடங்கினேன்.

"சரி வை. ஷிப்டுக்கு டைம் ஆவுது," என்றாள். இந்த முறை அது உண்மை.

9

நேற்று அவளே வீடியோ காலில் வந்தாள். வீட்டுப் புடவையில் இருந்தாள். நிலா ஆச்சரியப்பட்டுப் போனாள்.

நடந்ததை அக்கா சொன்ன மாதிரியே சொல்கிறேன். விசிட் அன்று காலையில் சூப்பர்வைசர் மேசையைத் தூக்க இரண்டு ஹெல்பர்களோடு வந்திருக்கிறார். அக்கா மேசைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"மேசை மேலயா?"

"பின்ன? தூக்குங்கடான்னேன். அவனுங்க பாவம், என்ன பாக்குறானுங்க, அவர பாக்குறானுங்க. 'இறங்கும்மா, கேட் கிட்ட வந்துட்டாரு'ன்னு அவரு கெஞ்சறாரு. எறங்கல."

என் சக ஊழியர் உள்ளே வந்தபோது பளபளக்கும் தரைக்கு நடுவே குப்பையாக ஒரு மேசை, அதன்மேல் சாம்பல் கோட்டில் ஒரு பெண்மணி. இது என்ன என்று கேட்டிருக்கிறார். முத்துச்செல்வி ஒரு கனெக்டரை எடுத்துப் பிசிறைக் காட்டிச் சீவிக் காட்டியிருக்கிறாள். அவரும் பிளேடை வாங்கி முயன்றிருக்கிறார். மூன்றாவதிலேயே விரலை வெட்டிக்கொண்டுவிட்டார். முதலுதவிப் பெட்டி வந்தது, விபத்துப் படிவம் வந்தது. கட்டுப் போட்ட விரலோடு அன்று முழுக்க அங்கேயே நின்றாராம். ஒருவரையும் நீக்க வேண்டாம், முதலில் கனெக்டரைச் சரிசெய்யுங்கள் என்று அவர் எழுதிய அறிக்கையை நான் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தைய நாளே படித்துவிட்டேன். சந்தோஷத்தில் வித்யாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

"எல்லாருக்கும் வேலை கீது," என்றாள் அக்கா. "எனக்கு மட்டும் கான்ட்ராக்டரு போன் பண்ணி நாளைலேர்ந்து வர வேணாம்னுட்டாரு. மேலதிகாரி பேச்ச கேக்கலன்னு. பாத்தியா, இந்த தபா மறைக்காம சொல்லிட்டேன்."

நான் எழுந்தே விட்டேன். மேனேஜரிடம் பேசுகிறேன், இங்கிருந்து எழுதுகிறேன் என்று கத்தினேன்.

"வாயத் தொறக்காத," என்றாள். "தம்பி சொல்லித்தான் ஏறி உக்காந்தான்னு பேரு வரும். அப்புறம் அந்த ரிப்போர்ட்டும் பூடும். இருவத்தியோரு பொண்ணுங்கடா. அதுல பாதி, ஊருக்கு போவ வழியில்லாம ஹாஸ்டல்ல கெடக்குதுங்க. எனக்கு வூடு கீது, உங்க மாமா கீறாரு. நான் யோசிச்சிட்டுதான் ஏறுனேன்."

அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. நிலா டிஷ்யூ எடுத்து வந்து கொடுத்தாள். அக்கா பேச்சை மாற்றுவதற்குள் நான் முந்திக்கொண்டேன். அறிக்கை வந்த அன்றே லீவுக்கு எழுதிக் கொடுத்து வாங்கிவிட்டிருந்தேன்.

"ஏப்ரல்ல வரேன்க்கா."

"வா. எத்தினி மணிக்கி வருவ? சமைச்சி வெக்கிறேன்."

"ஒரு மாசம் இருப்பேன். உன் வீட்லதான்."

திரையில் அவள் முகம் அப்படியே நின்றது. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை.

"வித்யா பக்கத்துல கீறாளா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நீ கொஞ்சம் அந்தாண்ட தள்ளி வா."

போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

"உண்மைய சொல்லு. உன்ன வேலைய வுட்டு எடுத்துட்டாங்களா?"

"இல்லக்கா. லீவு போட்டிருக்கேன்."

"ஒரு மாசம் எவன்டா லீவு குடுப்பான்?"

"குடுத்துட்டாங்கக்கா. சத்தியமா வேலை இருக்கு."

அவள் நம்பவில்லை.

"எங்கிட்ட மறைக்காதடா," என்றாள். "எதுவா இருந்தாலும் சரி, நீ வந்துடு. நான் கீறேன்."